இறங்க மாட்டோம்

சனி, ஞாயிறு விடியற்காலையில் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற ரோட்டில் நின்று பாருங்கள். பட்டணத்திலிருந்து வந்தவர்கள் தலையில் ஹெல்மெட்டும் கையில் உறையுமாக, கியர் வைத்த சைக்கிளில் வரிசையாகப் போவார்கள். லேசான ஏத்தம், லேசான எறக்கம், மறுபடி ஏத்தம். ரெண்டு பக்கமும் செம்மண். தைலமரக் காடு, முந்திரிக் காடு, பனை, கண்மாய்க் கரை. பதினாறு கிலோ மீட்டர் மிதித்தால் சித்தன்னவாசல். சமணர் படுக்கையும் ஓவியமும் பார்த்துவிட்டு, வழியில் ஒரு ஊரில் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமும் இதே கதைதான். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் சைக்கிள் எடுத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். ‘சுலபமான பாதை, அமைதியான சின்னச் சின்னக் கிராமங்கள், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்’ என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிறார்கள்.

அவர்கள் மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை. சைக்கிள் நல்ல வண்டி. பெட்ரோல் கேட்காது, புகை விடாது, பாதசாரி மேல் ஏறிக் கொல்லாது. ஓட்டட்டும். ஆனால் ‘யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்’ என்கிறார்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் நமக்கு நெஞ்சில் முள் குத்துகிறது. இந்த மண்ணில் யார் வேண்டுமானாலும் சைக்கிள் ஓட்டலாம் என்று எப்போது ஆனது? யார் ஆக்கியது? முழுசாக ஆகிவிட்டதா? இந்த இதழின் தலையங்கத்தில் அதைத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறோம்.

எங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஊர்ப்பெயர் வேண்டாம். எந்த ஊர்ப்பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

அப்பா வாடகைக் கடையில் ஓடித் தேய்ந்த ஒரு பழைய சைக்கிளை வாங்கி ஓவராயிலிங் பண்ணி வைத்திருந்தார். காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். காலனி மேட்டில் கிடையாது, ஊருக்குக் கிழக்கே, பள்ளத்தில். ஆக ஊருக்குள் போவது ஏத்தம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கியர் இல்லாத வண்டியில் ஏத்தம் ஏற வேண்டுமென்றால் முன்னாலேயே நாலு மிதி வேகமாக மிதித்து அந்த ஓட்டத்திலேயே ஏறிவிட வேண்டும். அப்பாவுக்கு அந்த ஓட்டம் கிடைக்காது. சரியாக ஏத்தம் ஆரம்பிக்கிற இடத்தில் பிள்ளையார் கோயில். அங்கே இறங்கிவிட வேண்டும். தலையில் கட்டிய துண்டு இடுப்புக்கு வரும். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவார். கேரியரில் மூட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தள்ளிக்கொண்டே டீக்கடை தாண்டி, திண்ணைகள் தாண்டி, போஸ்டாபீஸ் முக்கு வந்த பிறகுதான் ஏறுவார்.

சைக்கிளைத் தள்ளினால் பின்சக்கரத்து பிரீவீல் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும். ஒருநாள் திண்ணையிலிருந்து ஒரு குரல்: “என்னடா, வண்டிச் சத்தம் ரொம்பப் பெருசா இருக்கு?” அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அப்பா பிரீவீலில் கெட்டியாக கிரீசை அப்பி வைத்தார். பெல்லைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். சத்தமே இல்லாமல் ஒரு சைக்கிளை ஊர் வழியாகக் கொண்டுபோகக் கற்றுக்கொண்டார்.

இதைச் சொன்ன தோழர் கடைசியாக ஒன்று சொன்னார்: “எங்கப்பாவ அடிச்சாங்களான்னு கேட்டீங்கன்னா, இல்ல. ஒருநாளும் யாரும் அடிச்சதில்ல. அடிக்க வேண்டிய அவசியமே வரல.”

தீண்டாமை என்றால் வெட்டு, குத்து, தீ வைப்பு மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கட்டும். எந்த ஆவணத்திலும் ஏறாத, எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் பதிவாகாத, எந்தப் பத்திரிகையிலும் வராத ஒரு கொடுமை தினம் காலையிலும் சாயங்காலமும் ஒரு தெருவைக் கடந்துகொண்டிருந்தது.

*

இது யாரோ ரெண்டு முரட்டுப் பயல்கள் செய்த காரியம் அல்ல. ஏட்டில் எழுதி வைத்துச் செய்த காரியம். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து நாட்டார்கள் கூடி, ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளைப் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பானை தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. நம் ஜனங்கள் கேட்கவில்லை. கேட்காததற்குக் குடிசைகள் எரிந்தன. பிறகு 1931 ஜூனில் பதினொன்றாகக் கூட்டினார்கள். பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. கல்யாண ஊர்வலத்தில் குதிரை கூடாது, வீட்டுக் கதவைத்தான் பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் பயன்படுத்தக் கூடாது என்பது இன்னொன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் என்கிற வெள்ளைக்காரன் இதையெல்லாம் எழுதி வைத்ததால் நமக்கு இன்றைக்குத் தெரிகிறது. எழுதாத தடைகள் எத்தனையோ!

‘எந்த வாகனமும் கூடாது.’ இந்தத் தடையை சும்மா வெறுப்பு, பொறாமை என்று மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. அதற்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது.

நடந்து போகிறவன் மணிக்கு நாலு அல்லது அஞ்சு கிலோ மீட்டர் போவான். சைக்கிளில் போகிறவன் அதே மூச்சில் பன்னிரண்டு, பதினைந்து போவான். நடந்து போய் வேலை செய்து இருட்டுவதற்குள் திரும்ப வேண்டுமென்றால் சுத்துப்பட்டு ரெண்டு மூணு ஊர்தான் அவன் உலகம். அங்கே உள்ள பண்ணையார் கொடுக்கிறதுதான் கூலி. அவர் வைக்கிறதுதான் கடன். அவர் கூப்பிட்டால் வர வேண்டும், போகச் சொன்னால் போக வேண்டும். அவனுக்கு ஒரு சைக்கிள் கிடைத்துவிட்டால்? பத்து கிலோ மீட்டர் தள்ளி டவுனில் சித்தாள் வேலைக்குப் போவான். சந்தைக்குத் தானே காய்கறி கொண்டுபோவான். மகளை ஹைஸ்கூலில் கொண்டுபோய் விடுவான். ராத்திரி கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்புவான். அறுப்புக்குக் கூப்பிட்டால், “கூலி என்ன?” என்று கேட்பான். சைக்கிளை விட்டு இறங்கு என்று சொன்னவனுக்கு இதெல்லாம் தெரியும். நமக்குத்தான் லேட்டாகப் புரிந்தது.

“நிலம், கூலி, அதிகாரம் என்று பேச வேண்டிய இடத்தில் சைக்கிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்களே” என்று வர்க்கம் பேசுகிற தோழர்கள் கேட்பார்கள். தோழர், நாங்கள் கூலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

*

சாலையில் வண்டியில் போவது என்பது நம் விடுதலை வரலாற்றின் முதல் அத்தியாயங்களில் ஒன்று. 1893-ல் திருவிதாங்கூரில், வெங்கானூரில், அய்யன்காளி ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கினார். காளை பூட்டி, நல்ல துணி உடுத்தி, தலைப்பாகை கட்டி, புலையன் நடக்கக் கூடாத ராஜபாட்டையில் ஓட்டிக்கொண்டு போனார். அவர் மனுக் கொடுக்கவில்லை, அனுமதி கேட்கவில்லை. வண்டியை ஓட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதனுக்குத் தெரிந்தது, படித்த மேதைகளுக்குத் தெரியவில்லை: உரிமை என்பது பயன்படுத்தினால்தான் உரிமை.

அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கை அனுபவங்களாக எழுதி வைத்த சில பக்கங்களில் ரெண்டு வண்டிகள் வருகின்றன. 1901-ல், பத்து வயதுப் பிள்ளையாக, அப்பாவைப் பார்க்கப் போகையில் மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்ற மறுக்கிறான். கடைசியில் இரண்டு மடங்கு வாடகை, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரன் கூடவே நடந்து வருவான் என்று ஏற்பாடு ஆகிறது. 1929-ல் அவர் பாரிஸ்டர், அரசாங்கக் கமிட்டி உறுப்பினர். சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுக்கிறார்கள். வண்டியை மட்டும் வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டுகிறார். பாலத்தில் வண்டி புரண்டு அண்ணல் கல் தரையில் தூக்கி எறியப்படுகிறார். இருபத்தெட்டு வருஷம் கழிந்தது. வெளிநாட்டுப் பட்டங்கள் வந்தன. சாலை மாறவில்லை.

நம்மூரில் 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது இடம் எதிலும் தாழ்த்தப்பட்டோர் போவதைத் தடுக்கக் கூடாது என்று. தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. அதே 1924-ல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கிற உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. 1924-ல் ஆணை. 1930-ல் செருப்புத் தடை. 1931-ல் வாகனத் தடை. அரசாணை போஸ்டாபீஸ் முக்கு வரைக்கும் வரும். அங்கே இறங்கிக்கொள்ளும்.

வடக்கே சைக்கிளையே கொடியாகப் பிடித்தவர் கான்ஷிராம். 1983 மார்ச் 15-ந் தேதி தில்லியிலிருந்து நூறு பேர் சைக்கிளில் கிளம்பினார்கள். நாற்பது நாள், ஏழு மாநிலங்கள், 4,200 கிலோ மீட்டர். ரெண்டு கால், ரெண்டு சக்கரம், இதுதான் நம் பலம் என்று சொன்னார். பணக்காரக் கட்சிகளிடம் ஹெலிகாப்டரும் கார்களும் இருந்தன. இவர் சேரி சேரியாக மிதித்தே போனார். அடுத்த வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி பகுஜன் சமாஜ் கட்சி பிறந்தது. அந்தக் கட்சியின் பிற்காலப் போக்கு பற்றி நமக்கு விமர்சனங்கள் உண்டு. ஆனால் ஏழை ஜனங்கள் கையில் உள்ள பொருளை வைத்தே இயக்கம் கட்டலாம் என்று காட்டிய அந்தச் சைக்கிளுக்கு நம் வணக்கம்.

*

இதே புதுக்கோட்டை மண்ணுக்கு இன்னொரு சைக்கிள் வரலாறும் உண்டு. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற இயக்கம் சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது. விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், நர்சுகள், டீச்சர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிள் கடையில் தீர்ந்துபோய், ஆம்பளை சைக்கிளையே வாங்கினார்கள். அதிலும் ஒரு சௌகரியம் கண்டுபிடித்தார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம்! பஸ்ஸுக்காக மணிக்கணக்கில் நின்றவள் தன் நேரத்துக்குத் தானே எஜமானி ஆனாள். புருஷனோ, அண்ணனோ, மகனோ வந்து கூட்டிப்போகட்டும் என்று காத்திருந்தவள் தானே தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போனாள்.

அவர்களைப் பார்த்துக் கேலி பேசினார்கள், ஆபாசமாகப் பாடினார்கள், நடத்தையைச் சந்தேகப்பட்டார்கள். யார்? ஊர்த்தெரு ஆம்பளைகள் மட்டுமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்வோம், நம் காலனி ஆம்பளைகளும்தான். ஊர்க்காரன் நம்மைச் சைக்கிளை விட்டு இறக்கினான். நாம் நம் வீட்டுப் பெண்ணை ஏறவே விடவில்லை. “பொட்டப் புள்ளைக்கு எதுக்கு சைக்கிளு?” என்று கேட்ட வாயும், “பறப்பயலுக்கு எதுக்குடா சைக்கிளு?” என்று கேட்ட வாயும் ஒரே வாய்தான். இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கசக்கும். கசக்கட்டும்.

இன்னொரு கசப்பும் இருக்கிறது. பறத்தெருவிலும் பள்ளத்தெருவிலும் நாம் பெல் அடித்துக்கொண்டு போகிறோம். அந்தத் தெரு வழியாக அருந்ததியர் வீட்டுப் பையன் போகும்போது அவன் இறங்குகிறானா, ஏறியபடியே போகிறானா? நம் டீக்கடை பெஞ்சில் அவனுக்கு இடம் உண்டா? நம் தெருவில் ஒருத்தன் இறங்கினால், நாமும் ஒரு திண்ணைக்காரன்தான். நம்மை இறக்கியவனைத் திட்டுகிற யோக்கியதை நமக்கு அப்போது கிடையாது.

*

“இதெல்லாம் பழங்கதை. இப்ப யாரு சைக்கிளை விட்டு எறங்கச் சொல்றா? பசங்க எல்லாம் பைக்ல பறக்கறாங்க” என்பார்கள். நம் வாசகர்களிலேயே சிலர் சொல்லலாம்.

சரி. 2006-ல் கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் முதலானவர்கள் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து ஒரு புத்தகம் போட்டார்கள். தலித்துகளுக்குக் கிராமத் தெருக்களில் உள்ள தடைகளின் பட்டியலில் செருப்பு, குடை, புதுத்துணியோடு சைக்கிளும் இருந்தது. 2008 மே 6-ந் தேதிவரை உத்தப்புரத்தில், 1989-ல் எழுப்பிய சுவர் பாதையை மறித்துக்கொண்டு நின்றது. சைக்கிளில் ரெண்டு நிமிஷத்தில் போகிற இடத்துக்குச் சுற்றிக்கொண்டு போனார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் பாதை கிடைக்காமல் நம் பிணத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். உயிரோடு இருக்கையில் சைக்கிளை விட்டு இறங்கு, செத்த பிறகு பாலத்தை விட்டு இறங்கு.

இன்னொன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. அதை 2015-ல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் திருத்தம் அமலுக்கு வந்தது. அதில் 3(1)(za) என்றொரு உட்பிரிவு. தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறி ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதை, அதில் குதிரையோ வேறு வாகனமோ ஏறுவதைத் தடுத்தால் குற்றம் என்று எழுதியிருக்கிறார்கள். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் அஞ்சு வருஷம் ஜெயில், அபராதமும் உண்டு. தோழர்களே, யோசித்துப் பாருங்கள். நடக்காத ஒன்றைத் தடுக்கப் பாராளுமன்றம் சட்டம் போடுமா? உலகத்தில் வேறு எந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் ‘சைக்கிளில் ஏறுவதைத் தடுத்தால்’ என்று ஒரு வரி தேவைப்பட்டிருக்கும்? 1931-ல் நாட்டார் போட்ட பட்டியலையும் 2015-ல் பாராளுமன்றம் போட்ட பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். செருப்பு, துணி, கல்யாணக் குதிரை, வாகனம். எண்பத்து நாலு வருஷம் கழித்தும் அதே பொருள்கள். கூடாது என்று அவன் எழுதியதைத் தடுக்காதே என்று இவர்கள் எழுத வேண்டியிருந்தது.

எழுதிய பிறகாவது? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் கல்லூரியில் படிக்கிற நம் பையன் ஒருவன் புல்லட் ஓட்டிக்கொண்டு வந்தான். சாதியைச் சொல்லித் திட்டி, வண்டி ஓட்டிய கைகளையே வெட்டினார்கள் என்று புகார். மூன்று பேர் கைதானார்கள். மேலப்பிடாவூர் இருப்பது, 1931-ல் ‘எந்த வாகனமும் கூடாது’ என்று தடை போட்ட அதே பழைய இராமநாதபுரம் சீமையில். சைக்கிள் புல்லட்டாக மாறியது. தடை மாறவில்லை.

பஸ்ஸில் போனாலும் விடவில்லை. 1995-ல் வீரசிகாமணியில் ஒரு பஸ் டிரைவருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நடந்த தகராறு தென் மாவட்டம் முழுக்கப் பற்றி எரிந்து, ஆகஸ்ட் 31-ந் தேதி கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து நம் ஜனங்கள் வெளிநாட்டில் வேர்வை சிந்திச் சேர்த்த சொத்தையெல்லாம் அடித்து நொறுக்கியதில் வந்து நின்றது. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கலவரம் மூண்டது. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்கள் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. அதே 1997 ஜூன் 30-ந் தேதி மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் தோழர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பஸ் பொது வாகனமாம். சாலை பொதுச் சாலையாம்.

*

திரும்பவும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு வருவோம்.

சித்தன்னவாசலுக்குப் போகிற அன்னவாசல் வட்டாரத்தில்தான் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் நம் ஜனங்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். விசாரிக்கப் போன அதிகாரிகள் பக்கத்து இறையூர் டீக்கடையில் தனி டம்ளரைக் கண்டுபிடித்தார்கள். அன்றைய கலெக்டர் கவிதா ராமு நம் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போய் அய்யனார் கோயிலுக்குள் நுழைந்தார். ரெண்டு வருஷம் ‘விசாரித்து’, 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது, பாதிக்கப்பட்ட தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மேலேயே! தலித் அமைப்புகளும் இடதுசாரிகளும் அதை ஏற்கவில்லை. நாமும் ஏற்கவில்லை.

சைக்கிளில் போகிற அன்பர்களே, நீங்கள் பார்க்கிற ‘அமைதியான சின்னக் கிராமம்’ இதுதான். அண்ணல் 1948 நவம்பர் 4-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அறியாமையின், குறுகிய புத்தியின், வகுப்புவாதத்தின் குகை என்று சொன்னார். அவருக்குக் கிராமத்தைப் பிடிக்காது என்று பலர் இன்றும் கோபப்படுகிறார்கள். அவர் கிராமத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கவில்லை, தெருவில் இறங்கி நடந்து பார்த்தார்.

உங்களிடம் நாங்கள் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் வரும்போது தார் ரோடு எந்த இடத்தில் முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஊர் முடிகிற இடத்தில் முடியும். அதற்கு அப்பாலும் ஒரு பாதை போகும். குண்டும் குழியுமாக, மழை பெய்தால் சேறாக. அந்தப் பாதையில் கொஞ்சம் மிதியுங்கள். உங்கள் சைக்கிளில் கியர் இருக்கிறதே, பயமென்ன? எங்கள் காலனியிலும் டீக்கடை இருக்கிறது. ஒரே டம்ளர்தான். நீங்கள் குடித்த டம்ளரில் நாங்களும் குடிப்போம். குடித்துவிட்டுப் பேசுங்கள், பாதை எவ்வளவு சுலபம் என்று.

*

நம் இயக்கத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

முதலாவது, கணக்கெடுங்கள். உங்கள் ஒன்றியத்தில் எந்தெந்த ஊரில் எந்தெந்தத் தெருவில் நம் ஆட்கள் வண்டியை விட்டு இறங்குகிறார்கள், செருப்பைக் கழற்றுகிறார்கள், பெல் அடிக்காமல் போகிறார்கள், சுற்றிக்கொண்டு போகிறார்கள்? கிழவர்களிடம் கேளுங்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி” என்றுதான் முதலில் சொல்வார்கள். உட்கார்ந்து கேளுங்கள், சொல்வார்கள். ‘தானா இறங்கறான், யாரும் சொல்லலையே’ என்று ஊர்க்காரன் சொன்னால் நம்பாதீர்கள். யாரும் தானாக இறங்குவதில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தி ஒருநாள் ஒருத்தன் சொல்லியிருப்பான்.

இரண்டாவது, சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். 3(1)(za) என்று புகாரில் எழுதுங்கள். ‘சமாதானமாப் போங்க’ என்று ஸ்டேஷனில் சொன்னால், முதல் தகவல் அறிக்கை போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018-ல் சேர்த்த 18A பிரிவு சொல்கிறது என்று சொல்லுங்கள். அந்தப் பிரிவுக்காக அந்த வருஷம் ஏப்ரல் 2-ந் தேதி நாடு முழுக்க நம் ஜனங்கள் தெருவில் நின்றார்கள், உயிர் கொடுத்தார்கள். அதைத் தூசி படிய விடாதீர்கள். டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும். கடமையைச் செய்யாத அதிகாரி மேலும் 4-வது பிரிவில் வழக்குப் போடலாம்.

மூன்றாவது, நம் பெண் பிள்ளைகள். 2001 வாக்கில் தமிழக அரசு முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத்தான் இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு 2005-ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிவானது. மகளுக்கு வந்த சைக்கிளை மகன் ஓட்டிக்கொண்டு திரிகிற வீடு எத்தனை? அப்பன் அடகு வைத்த வீடு எத்தனை? அதை முதலில் மீட்டு மகள் கையில் கொடுங்கள். ஓட்டத் தெரியாத அம்மாவுக்கு மகளே கற்றுக்கொடுக்கட்டும்.

நான்காவது, அடுத்த ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போட வாடகை வேனில் போக வேண்டாம். சைக்கிளில் போவோம். ஆணும் பெண்ணும், கிழவரும் பிள்ளையும். பறையரும் பள்ளரும் அருந்ததியரும் ஒரே வரிசையில். ஊர்த்தெரு வழியாக, பிள்ளையார் கோயில் வழியாக, போஸ்டாபீஸ் வழியாக. கோஷம் போட்டுச் சண்டைக்கு இழுக்க வேண்டியதில்லை. கல் எறிய வேண்டியதில்லை. பெல் மட்டும் அடிப்போம். நூறு சைக்கிள் பெல் ஒன்றாக அடித்தால் எப்படிக் கேட்கும் என்று அந்தத் திண்ணைகள் ஒருமுறை கேட்கட்டும்.

*

அந்தத் தோழரின் அப்பா இறந்துபோனார். சைக்கிள் இன்னும் வீட்டில் இருக்கிறது. போன மாதம் அதை எடுத்துத் துடைத்து, பிரீவீலைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊற வைத்தாராம். கறுப்புக் கறுப்பாக, கெட்டியாக, முப்பது வருஷத்து கிரீஸ் வந்துகொண்டே இருந்ததாம். கழுவித் துடைத்து மறுபடி மாட்டினார். அலமாரியில் துணிக்கடியில் கிடந்த பழைய பெல்லையும் மாட்டினார். அவர் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அவளிடம் கொடுத்தார்.

அவள் பள்ளத்திலேயே நாலு மிதி வேகமாக மிதித்து, அந்த ஓட்டத்திலேயே ஏத்தம் ஏறிப் போனாளாம். பிள்ளையார் கோயில் முக்கில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பெல் அடித்தாள். ஆடு விலகியது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இறங்கவில்லை.

இறங்கச் சொல்லி யாராவது வாய் திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அவளுக்கு மட்டும் அல்ல, உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தத் தலையங்கம்.

ஜெய் பீம்!

ஆசிரியர் குழு